தாய்லாந்து ஓய்வு விசா: கணவன், மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்து எடுக்கிறவர்கள் இங்கே கேளுங்கள்

பொகவந்தலாவை மருமகன்:
வணக்கம். மாமா, மாமி இரண்டு பேருக்கும் தாய்லாந்து ஓய்வு விசா எடுக்க வேண்டும். மாமாவுக்கு வயது 64, தோட்டத்து ஒபிஸில் பெரிய கிளாக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். மாமிக்கு 57. மச்சான் டோஹாவில், கொழுந்தியா சியாங் மாயில் வேலை. கேள்வி மூன்று. ஒரு ஆளுக்கு 8 இலட்சம் பாத் என்கிறார்கள், அப்படியென்றால் இரண்டு பேருக்கு 16 இலட்சமா? மாமியின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஐடென்டிட்டியில் ஒரு மாதிரி, விவாகச் சான்றிதழில் இன்னொரு மாதிரி, அது பிரச்சினையாகுமா? காசை இங்கேயிருந்து எப்படி அனுப்புவது?

கொட்டகலை 62:
முதலில் விசாவின் வகையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள் தம்பி. பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஓய்வு விசா என்று எல்லோரும் சொல்வது இரண்டு வேறு வேறு சாமான்.

ஒன்று நொன்-ஓ. இது 90 நாள் தங்கும் விசா. அங்கே போய், அந்த 90 நாள் முடிய முன்னர் குடிவரவு அலுவலகத்தில் ஒரு வருட நீடிப்பு எடுக்க வேண்டும். பிறகு வருடா வருடம் அதே நீடிப்பு. மற்றது ஓ-ஏ. இது புறப்படும் நாட்டிலேயே எடுத்துக்கொண்டு போவது. இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் தங்கலாம். இரண்டுக்கும் வயது 50 நிரம்பியிருக்க வேண்டும்.

நொன்-ஓ வழியில் பணத் தகுதி மூன்று விதம்: தாய்லாந்து வங்கியில் விண்ணப்பதாரரின் பெயரில் 8 இலட்சம் பாத், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம், அல்லது வைப்பும் ஒரு வருட வருமானமும் சேர்ந்து 8 இலட்சம். இலங்கைப் பென்ஷனை நம்பி இரண்டாவதை யோசிக்க வேண்டாம். ஒரு பாத் 9 ரூபா 50 சதம் என்று வைத்தாலும் 65,000 பாத் ஆறு இலட்சம் ரூபாவைத் தாண்டும். நமக்கு வைப்பு வழிதான் நேர்வழி.

இனி உங்கள் முதல் கேள்வி. 16 இலட்சம் கட்டாயம் இல்லை. ஒருவர் ஓய்வு நீடிப்பு எடுத்தால், மற்றவர் அவருடைய துணைவராக, அவரில் தங்கியிருப்பவராக நீடிப்பு எடுக்கலாம். அவருக்குத் தனியாகப் பணம் காட்டத் தேவையில்லை. கல்யாணத்தை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது வழி, இரண்டு பேரும் தனித்தனியாக 8 இலட்சம் போட்டுத் தனித்தனி ஓய்வு நீடிப்பு எடுப்பது. அதற்கு விவாகச் சான்றிதழே வேண்டாம்.

நானுஓயா:
கூட்டுக் கணக்கில் 8 இலட்சம் போட்டால்?

கொட்டகலை 62:
கூடாது. இரண்டு பெயர் இருந்தால் பாதிதான் உங்களுடையது என்று கணக்குப் பார்ப்பார்கள். முதன்மை விண்ணப்பதாரரின் தனிப் பெயரில் இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விசாப் பணம் கிடக்கிற கணக்குக்கு ஏடிஎம் அட்டையே எடுக்காமல் விடுவது உத்தமம். ஒரு நாள் 7,99,500க்கு இறங்கினாலும் புத்தகத்தில் அச்சாகி நிற்கும்.

பதுளை பேங்க் அக்கா:
மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

மாமாவின் ஈபிஎஃப், ஈஎஸ்பிஎஸ் (ஊழியர் சேமலாப நிதி, தோட்ட உத்தியோகத்தர் சேமலாப நிதி) காசு ரூபாவாக நிலையான வைப்பில் கிடக்கும் என்று நினைக்கிறேன். அதை டொலராக்கி வெளிநாட்டில் சொந்தக் கணக்கில் போட்டு வைப்பது, அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி மூலதனக் கொடுக்கல் வாங்கல். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. மகனின் படிப்புக் கட்டணம், வைத்தியச் செலவு அனுப்புவது போன்றதல்ல. கவுண்டரில் போய்க் கேட்டவுடன் செய்து தரமாட்டார்கள். வரம்புகளும் அனுமதிகளும் ஒழுங்குவிதிகளால் அடிக்கடி மாறும். அதனால் ஹட்டன் கிளையில் வாயால் கேட்டு முடிவெடுக்காமல், தலைமை அலுவலகத்தின் அந்நியச் செலாவணிப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் சுலபமான வழி வேறு. மச்சான் டோஹாவிலிருந்து நேரே மாமாவின் தாய்லாந்துக் கணக்குக்கு அனுப்பட்டும். பணம் இலங்கைக்குள் வந்து வெளியே போகவேண்டிய தேவையே இல்லை. மூன்று விஷயம் கவனம்:

பெறுபவரின் பெயர் மாமாவின் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுமையாக இருக்க வேண்டும். இனிஷல் போட்டு அனுப்பினால் வங்கி நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும்.

பணம் வெளிநாட்டுப் பரிமாற்றமாகவே பதிவாக வேண்டும். பாங்கொக் பேங்க் புத்தகத்தில் எஃப்டிடி என்ற குறியீடு விழும். சில செயலிகள் கடைசிக் கட்டத்தில் உள்நாட்டு மாற்றாக இறக்கிவிடும். அப்போது அந்தக் குறியீடு வராது. சுற்றுலாவாகப் போய் இறங்கி, விசாவை அங்கேயே நொன்-ஓவாக மாற்றுகிறவர்களிடம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான அத்தாட்சி கேட்பார்கள். அதைக் காட்ட முடியாமல் போகும்.

உண்டியல், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் பணம் மாற்றும் வழி, வேண்டாம். சட்டவிரோதம் என்பது ஒரு புறம். மறுபுறம் யாரோ முன்பின் தெரியாத ஆள் தாய்லாந்துக்குள்ளிருந்தே போட்ட பணமாக அது தெரியும். அந்தக் கணக்கே பிறகு முடங்கலாம்.

பொகவந்தலாவை மருமகன்:
நன்றி அக்கா. தாய்லாந்துக் கணக்கை இங்கேயிருந்து திறக்க முடியுமா?

பதுளை பேங்க் அக்கா:
முடியாது, நேரில்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் உள்ளே போகும் சலுகை 2024 ஜூலையில் வந்தது. அதை நம்பி வெறுமனே போய் இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். சுற்றுலாப் பயணியாக இருப்பவருக்குப் பெரும்பாலான கிளைகள் கணக்குத் திறப்பதில்லை. கணக்கு இல்லாவிட்டால் பணம் இல்லை, பணம் இல்லாவிட்டால் விசா மாற்றம் இல்லை. கொழும்பிலேயே நொன்-ஓ எடுத்துக்கொண்டு போனால் அந்த முத்திரையைக் காட்டித் திறக்கலாம். சில கிளைகள் குடிவரவு அலுவலகத்தின் வதிவிடச் சான்றும் கேட்கும். ஒரு கிளை மறுத்தால் அதே வங்கியின் அடுத்த கிளைக்குப் போங்கள், வாதாடிப் பிரயோசனமில்லை.

கொட்டகலை 62:
அக்கா சொன்னதோடு நாட்கணக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் வருடம் தவறுவது இதில்தான்.

நீடிப்புக்குப் போகும் நாளில் 8 இலட்சமும் இரண்டு மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். கையில் இருப்பது 90 நாள். 90இல் 60 போனால் மிச்சம் 30. கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது, இடையில் லீவு நாள் வரும், ஏதாவது கடதாசி குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே இறங்கி மூன்று வாரத்துக்குள் பணம் உள்ளே விழுந்துவிட வேண்டும். முதல் வாரம் வதிவிடம், இரண்டாம் வாரம் கணக்கு, மூன்றாம் வாரம் பணம். சித்திரைப் புத்தாண்டு அவர்களுக்கும் உண்டு, சொங்க்ரான் என்பார்கள். அந்த வாரம் ஒன்றும் நடக்காது. ஏப்ரல் தொடக்கத்தில் போய் இறங்குவதைத் தவிருங்கள்.

நீடிப்புக் கிடைத்த பிறகு மேலும் மூன்று மாதம் 8 இலட்சம் குறையக் கூடாது. அதன்பின் 4 இலட்சம் வரை இறக்கலாம். அடுத்த நீடிப்புக்கு இரண்டு மாதம் முன்னர் திரும்ப 8 இலட்சம் ஆக்க வேண்டும். 2019 மார்ச் முதல் உள்ள விதி இது. வருடத்தில் ஐந்து மாதம் 8 இலட்சம், ஏழு மாதம் குறைந்தது 4 இலட்சம். ஏற்றி இறக்கி விளையாடுவதைவிட முழுத் தொகையையும் அப்படியே விட்டுவைப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

நீடிப்பு நாளில் கையில் இருக்க வேண்டியவை: டிஎம் 7 என்ற நீடிப்பு விண்ணப்பப் படிவம், 4க்கு 6 சென்ரிமீற்றர் படம், கடவுச்சீட்டும் முக்கியப் பக்கங்களின் போட்டோகொப்பியும், வங்கிக் கடிதம், வங்கிப் புத்தகமும் அதன் கொப்பியும், வீட்டு வாடகை ஒப்பந்தம், டிஎம் 30 ரசீது (நீங்கள் அங்கே தங்குவதை வீட்டுக்காரர் குடிவரவுக்கு அறிவித்ததற்கானது), நீடிப்புக் கட்டணம் ஆளுக்கு 1,900 பாத். புத்தகத்தில் அன்று காலையில் ஒரு பதிவு விழுந்திருக்க வேண்டும். 100 பாத் போட்டு அச்சடித்தால் போதும். வங்கிக் கடிதம் அன்றைய திகதியா, ஏழு நாளுக்குள்ளா என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடும். எல்லாக் கொப்பியிலும் நீல மையில் கையெழுத்து.

லிந்துலை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்:
பெயர் விஷயம் என் பக்கம். மாமி துணைவராகப் போவதென்றால் முழுப் பாரமும் விவாகச் சான்றிதழில்தான் நிற்கும். எனவே இதில் அவசரப்படாதீர்கள்.

தோட்டப்புறப் பதிவுகளில் பெயர் பிழைப்பது புதிதல்ல. பதிவாளர் தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதியிருப்பார். அதைப் பிறகு யாரோ ஆங்கிலத்தில் எழுதும்போது லெட்சுமி ஓரிடத்தில் லெச்சிமி, இன்னோரிடத்தில் லட்சுமி. ஐடென்டிட்டியில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் புருஷன் பெயர் முன்னால். நமக்கு எல்லாம் ஒரே ஆள். தாய்லாந்து அதிகாரிக்கு மூன்று ஆள்.

அவர் ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டே இரண்டு: கடவுச்சீட்டு, விவாகச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழை அவர் கேட்கப்போவதில்லை. ஆகவே முதலில் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் என்றால் அது மொழிபெயர்ப்பிலேயே தீரும். மூலம் தமிழில் அல்லது சிங்களத்தில் இருப்பதால், ஆங்கிலத்தில் எந்த எழுத்துப் போடுவது என்பது மொழிபெயர்ப்பாளர் கையில். இரண்டு பேருடைய கடவுச்சீட்டுக் கொப்பியையும் கொடுத்து, இதில் உள்ளபடி எழுதுங்கள் என்று சொல்லுங்கள். கொப்பி கொடுக்காமல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் இரண்டாம் தரமும் காசு கட்டுகிறார்கள்.

பெயரே வேறு என்றால் மொழிபெயர்ப்பாளர் கை வைக்க முடியாது, கூடாது. செல்லம்மா என்று விவாகச் சான்றிதழில், புஷ்பவதி என்று கடவுச்சீட்டில் இருந்தால், பதிவைத் திருத்த வேண்டும், அல்லது இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பம். பழைய பாடசாலைப் பதிவு, தோட்டத்துப் பிறப்புப் பதிவு, ஈபிஎஃப் அட்டை எல்லாம் துணை ஆவணம். மாதக்கணக்கில் இழுக்கும். சத்தியக்கடதாசி சீக்கிரம் முடியும், ஆனால் அதை ஒப்புக்கொள்வதும் விடுவதும் அங்குள்ள அதிகாரியின் மனம். நேரம் இருந்தால் திருத்தமே மேல்.

மஸ்கெலியா தம்பி:
மாஸ்டர், பதிவே இல்லாவிட்டால்? கோயிலில் தாலி கட்டினதோடு சரி, பதியவில்லை. முப்பது வருடம் ஆகிறது. நம்ம பக்கத்தில் நிறையப் பேர் இப்படித்தான்.

லிந்துலை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்:
இப்போது பதியுங்கள். எந்த வயதிலும் விவாகப் பதிவாளரிடம் பொதுச் சட்டத்தின் கீழ் பதியலாம். சான்றிதழில் இன்றைய திகதிதான் இருக்கும். பிள்ளைகளுக்கு 25 வயது, கல்யாணத்துக்கு ஒரு மாதம் என்று தெரிவதைப் பார்த்துச் சிலர் வெட்கப்படுகிறார்கள். விசாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விண்ணப்பிக்கும் நாளில் சட்டப்படி கணவன் மனைவியா என்பதுதான் கேள்வி. கோயில் ரசீது, கல்யாணப் படம், தோட்டத்துரை கொடுத்த கடிதம் எதுவும் செல்லாது. பதியும்போதே இரண்டு பேருடைய பெயரையும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். ஒருவகையில் உங்களுக்கு மற்றவர்களைவிட வேலை குறைவு.

இனிக் கடதாசி போகும் பாதை. பிரதேச செயலகத்திலிருந்து விவாகச் சான்றிதழின் புதிய அத்தாட்சிப் பிரதி. அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. இரண்டையும் வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சிப்படுத்த வேண்டும். பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை, கண்டியில் பிராந்திய அலுவலகம் உண்டு. பிறகு கொழும்பில் தாய்லாந்துத் தூதரகத்தின் முத்திரை. தாய்லாந்து போனதும் தாய் மொழிக்கு மாற்றி, அவர்களுடைய வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சிப் பிரிவில் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு முத்திரை விடுபட்டாலும் திரும்பக் கொழும்புக்குத்தான். பழைய பிரதியை லெமினேட் பண்ணி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், முத்திரை குத்த முடியாது.

ஹட்டன் மெயின் வீதி:
எல்லோரும் நொன்-ஓ பக்கமே நிற்கிறீர்கள். ரூபாவை வெளியே கொண்டுபோவதுதான் பிரச்சினை என்றால் ஓ-ஏ ஏன் கூடாது? அதற்கு 8 இலட்சம் பாத் பெறுமதியான பணம் சொந்த நாட்டு வங்கியிலேயே கிடக்கலாம். மாமாவின் நிலையான வைப்பை, அதாவது எஃப்டியை, அசைக்காமலே விசா எடுக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லாதவர்களுக்கு இதுதானே வழி?

இன்னொன்று. ஓ-ஏ பலமுறை நுழையும் விசா. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் ஒரு வருடம் கிடைக்கும். விசா காலாவதியாகும் கடைசி நாட்களில் ஒருமுறை வெளியே போய் உள்ளே வந்தால் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஓட்டலாம்.

கொட்டகலை 62:
நியாயமான கேள்வி. பணப் பக்கம் நீங்கள் சொல்வது சரி. மற்றப் பக்கத்தையும் வையுங்கள்.

ஓ-ஏக்கு வைத்தியக் காப்புறுதி கட்டாயம், 30 இலட்சம் பாத், அதாவது ஒரு இலட்சம் டொலர் அளவுக்கு, ஆளுக்கு ஆள் தனியாக. அங்கே போய் நீடிக்கும்போதும் அது தொடர வேண்டும். நொன்-ஓ வழியில் நீடிப்புக்குக் காப்புறுதி கேட்பதில்லை. 64 வயதில் பிரஷர், சீனி வருத்தம் இருப்பவருக்கு அந்தத் தொகைக்குக் காப்புறுதி எடுக்கிற செலவைக் கூட்டிப் பாருங்கள். 70 தாண்டினால் புதிதாக எடுத்துக்கொள்ளும் கம்பனியே அருமை. இரண்டு வருடம் ஓட்டுகிறவர்கள்கூட, இரண்டாவது நுழைவுக்குக் காப்புறுதி நாள் போதாமல் குறைந்த நாள் முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். காப்புறுதி எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவுதான் முத்திரை.

தவிரவும், ஓ-ஏக்குப் பொலிஸ் சான்றிதழும் வைத்தியச் சான்றிதழும் வேண்டும், இரண்டும் மூன்று மாதத்துக்குள் எடுத்தவையாக. வைத்தியச் சான்றில் தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப் பழக்கம், முற்றிய நிலை சிபிலிஸ் இல்லை என்று டொக்டர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சும்மா "நலமாக உள்ளார்" என்ற மெடிக்கல் போதாது.

பதுளை பேங்க் அக்கா:
ஓ-ஏக்கு எஃப்டி காட்டுபவர்களுக்கு: நம்மவர்கள் எஃப்டியைப் பெரும்பாலும் இரண்டு பெயரில் போடுவார்கள், ஒருவர் போனால் மற்றவருக்கு என்று. விசாவுக்கு முன்னர் முதன்மை விண்ணப்பதாரரின் தனிப் பெயருக்கு மாற்றுங்கள். அதன் மேல் கடன் எடுத்திருந்தால் அந்தத் தொகை இருப்பாகக் கணக்கில் வராது. வங்கிக் கடிதத்தில் ரூபாத் தொகை, அன்றைய மாற்றுவிகிதம், பாத் பெறுமதி மூன்றும் இருக்கட்டும். சரியாக 8 இலட்சத்தில் நிறுத்தாமல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள். கடிதம் எழுதிய நாளுக்கும் தூதரகம் பார்க்கும் நாளுக்கும் இடையில் ரூபா வழுக்கிவிட்டால் தகுதியே போய்விடும்.

வட்டவளை:
பொலிஸ் சான்றிதழ் பற்றி ஒரு குறிப்பு. ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஆனால் தோட்டத்து முகவரிதான் தாமதிக்க வைக்கும். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதாமல், டிவிஷன், கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும், எந்தப் பொலிஸ் நிலையம் என்பதையும் எழுதுங்கள். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டஸைக் காலி பண்ணி டவுனில் குடியிருப்பவர்களுக்கு ஐடென்டிட்டியில் பழைய முகவரி இருக்கும். விசாரிக்கப் போகும் பொலிஸுக்கு அங்கே ஆள் இல்லை என்று பதில் வரும். இரண்டு முகவரியையும் காலத்தோடு எழுதிவிடுங்கள். மாமிக்கும் தனியாக எடுக்க மறக்க வேண்டாம்.

மஸ்கெலியா தம்பி:
என் கேள்வி ஒன்று பாக்கி. புருஷனுக்கு 58, மனைவிக்கு 46. மனைவிக்கு 50 ஆகவில்லையே?

கொட்டகலை 62:
துணைவருக்கு வயது எல்லை இல்லை. கணவர் முதன்மை, மனைவி தங்கியிருப்பவர், வேறு வழியும் இல்லை. ஓ-ஏ வழியில் போனாலும் கணவருக்கு ஓ-ஏ, 50 ஆகாத மனைவிக்கு நொன்-ஓ. இரண்டு பேரும் ஒரே நாளில் உள்ளே போங்கள், ஒரே நாளில் நீடிப்புக்குப் போங்கள். மனைவியின் திகதி முன்னால் முடிந்து கணவரின் நீடிப்பு இன்னும் வராவிட்டால், தொங்கிப் பிடிக்க அவருக்கு ஒன்றும் இல்லை. இருவருமே அங்கே வேலை செய்யக் கூடாது; தெரிந்தவர் கடையில் சம்பளமில்லாமல் நிற்பதும் வேலைதான்.

நானுஓயா:
யாரும் கேட்காததைக் கேட்கிறேன். அங்கே போய்ப் புருஷன் செத்துப்போனால்?

கொட்டகலை 62:
கேட்க வேண்டிய கேள்விதான். இந்த இழையில் முக்கியமானதே இதுதான் என்பேன். துணைவராகப் போவது மலிவு; ஆனால் முதன்மையாளர் இறந்தால் அவரில் தொங்கும் நீடிப்பும் விழுந்துவிடும். 50 தாண்டிய மனைவி என்றால் தன் பெயரில் ஓய்வு நீடிப்புக்கு மாறலாம், அதற்கு அவர் பெயரில் 8 இலட்சம் வேண்டும். அந்தப் பணம் எங்கே இருக்கிறது? புருஷன் பெயரில். வங்கி மரணத்தை அறிந்த கணமே கணக்கை முடக்கும். தாய்லாந்து நீதிமன்றம் ஒருவரைச் சொத்து நிர்வாகியாக நியமிக்கும் வரை ஒரு சதமும் வெளியே வராது. மாதங்கள் ஆகும். கூட்டுக் கணக்கும் தப்பும் என்று எண்ண வேண்டாம். ஏடிஎம் அட்டையால் அவசரமாக எடுத்துவிடலாம் என்பார்கள். இறந்தவரின் கணக்கிலிருந்து எடுப்பது அங்கே குற்றம்.

ஆகவே 8 இலட்சத்தை மட்டும் திரட்டிக்கொண்டு போகிற தம்பதியருக்கு என் யோசனை: வயது கூடியவர், நோய் கூடியவர் முதன்மையாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மாமிக்கு 57. அவரே முதன்மை, மாமா துணைவர் என்று போகலாமே? பணம் மாமியின் பெயரில். மாமாவுக்கு ஏதும் நேர்ந்தாலும் மாமியின் விசா, பணம் இரண்டும் அசையாது. நம்மாட்களுக்கு இது மனதில் ஏறாது, ஆம்பிளை பெயரில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். குடும்பத்தில் பேசிப் பாருங்கள்.

எந்த வழியானாலும், தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் அங்கேயே தனி மரணசாசனம் எழுதி வையுங்கள். இலங்கையில் எழுதியதை அங்கே கொண்டுபோய் மொழிபெயர்த்து நிரூபிப்பது பெரிய வேலை.

பொகவந்தலாவை மருமகன்:
மாமி முதன்மை என்பதை யோசிக்கவே இல்லை. அப்படியானால் மச்சான் அனுப்பும் பணமும் மாமி பெயருக்கு?

பதுளை பேங்க் அக்கா:
ஆமாம். முதலிலேயே முடிவெடுத்துவிடுங்கள். மாமா பெயரில் வந்து பிறகு மாமிக்கு மாற்றினால், அது உள்நாட்டு மாற்று. இரண்டு மாதக் கணக்கும் மாற்றிய நாளிலிருந்துதான்.

ஹட்டன் மெயின் வீதி:
மலேசியா போனால் என்ன? தமிழ் பேசலாம், சாப்பாடு பிரச்சினை இல்லை.

கொட்டகலை 62:
அவர்களுடைய இரண்டாம் வீடு திட்டத்தில் 2024 முதல் வெள்ளிப் படி என்ற தரத்துக்கே 150,000 டொலர் வைப்பு, அதோடு 6 இலட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்க வேண்டும். அனுமதி பெற்ற முகவர் வழியாகத்தான் விண்ணப்பம். தமிழ் பேசலாம்தான்.

லிந்துலை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்:
தமிழ்தான் முக்கியம் என்றால் மலையகத்தவர்களுக்கு இந்தியாவின் ஓசிஐ அட்டை, அதாவது இந்திய வம்சாவளியினர் அங்கே போய்த் தங்குவதற்கான அட்டை, இருக்கிறதே. ஓய்வு விசா அல்ல, ஆனால் வைப்புப் பணம் இல்லை, வருடாந்த நீடிப்பு இல்லை. பெற்றோர், பாட்டன், பூட்டன் என்று முன்னோர் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்ததைக் காட்டினால் போதும். 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் தாத்தாமார் பதிந்த பத்திரம், பழைய இந்தியக் கடவுச்சீட்டு ஏதாவது வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள். துணைவருக்கும் எடுக்கலாம், விவாகம் பதிவாகி இரண்டு வருடம் தொடர்ந்திருக்க வேண்டும். பார்த்தீர்களா, அங்கேயும் பதிவுதான். இதற்கு மேல் பேச வேண்டுமென்றால் வேறு இழை தொடங்குவோம்.

பொகவந்தலாவை மருமகன்:
கொழுந்தியா சியாங் மாயில் இருப்பதால் தாய்லாந்துதான். அங்கே நம்ம ஊர் மாதிரிக் குளிர் என்கிறார்கள்.

வட்டவளை:
மார்கழி, தையில் மட்டும். பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயல், காடு எரிக்கும் புகை அந்தப் பள்ளத்தாக்கில் வந்து நிற்கும். ஏப்ரலில் வெப்பம் 40 பாகையைத் தொடும். மாமாவுக்கோ மாமிக்கோ இழுப்பு இருந்தால் அந்த மூன்று மாதமும் தெற்கே எங்காவது இருக்க இடம் பாருங்கள். அல்லது அந்த நேரம் ஊருக்கு வாருங்கள்.

நானுஓயா:
ஊருக்கு வந்தால் விசா?

கொட்டகலை 62:
புறப்பட முன்னர் மீள்நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். டிஎம் 8 படிவம். ஒருமுறைக்கு 1,000 பாத், பலமுறைக்கு 3,800. குடிவரவு அலுவலகத்தில் எடுக்கலாம், சுவர்ணபூமி விமான நிலையத்தில் புறப்படும்போதும் எடுக்கலாம். எடுக்காமல் வெளியே காலை வைத்தால் நீடிப்பு அந்த இடத்திலேயே செத்தது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு பேருக்கும் தனித்தனியாக. மனைவியின் அனுமதியை மறந்து கணவனுக்கு மட்டும் எடுத்தவர்கள் உண்டு.

திரும்பி உள்ளே வரும்போது டிஜிட்டல் வருகை அட்டையை வருவதற்கு மூன்று நாளுக்குள் ஒன்லைனில் நிரப்ப வேண்டும், அது இலவசம். காசு கேட்கும் தளம் என்றால் போலி. வீட்டில் குடிவந்ததும் வீட்டுக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் டிஎம் 30 அறிவிக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போதே அவர் அதைச் செய்வாரா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். சிலர் வாடகை வரிக்குப் பயந்து செய்யமாட்டார்கள், அந்த ரசீது இல்லாமல் நீடிப்பு நகராது.

பொகவந்தலாவை மருமகன்:
90 நாளுக்கு ஒருமுறை அறிவிப்பதும் துணைவருக்கு உண்டா?

கொட்டகலை 62:
உண்டு. டிஎம் 47, ஆளுக்கு ஒன்று, கட்டணம் இல்லை. குறித்த திகதிக்கு 15 நாள் முன்னிருந்து 7 நாள் பின் வரை. முதல் தடவை நேரில் போங்கள், பிறகு ஒன்லைனில் செய்யலாம். தவறினால் 2,000 பாத் தண்டம். இடையில் நாட்டை விட்டு வெளியே போய் வந்தால் நாட்கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும்.

வட்டவளை:
கடவுச்சீட்டின் ஆயுளையும் பாருங்கள். ஒரு வருட நீடிப்புக் கேட்டாலும், கடவுச்சீட்டு எட்டு மாதத்தில் முடிந்தால் எட்டு மாதம்தான் தருவார்கள். பாங்கொக்கிலுள்ள நம் தூதரகம் வழியாகப் புதுப்பிப்பது இங்கே கண்டியில் எடுப்பதைப் போல் சீக்கிரம் முடியாது. போக முன்னரே இரண்டு பேருக்கும் புதுக் கடவுச்சீட்டு எடுத்துவிடுங்கள். மாமியின் பெயரைச் சரிப்படுத்தினால், புதுப் பெயரில் கடவுச்சீட்டு வந்த பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள்.

லிந்துலை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்:
அதையேதான் நானும் சொல்ல வந்தேன். வரிசை மாறினால் எல்லா முத்திரையும் வீண். பெயர்த் திருத்தம், கடவுச்சீட்டு, விவாகச் சான்றிதழ்ப் பிரதி, மொழிபெயர்ப்பு, கொன்சியூலர், தூதரகம். தூதரக விண்ணப்பம் 2025 ஜனவரியிலிருந்து ஒன்லைன் ஈ-விசாத் தளத்தில்தான். இரண்டு பேருக்கும் தனித்தனி விண்ணப்பம், துணைவரின் விண்ணப்பத்தில் முதன்மையாளரின் ஆவணங்களையும் சேர்த்து ஏற்றுங்கள். ஃபோனில் சரிவாகப் பிடித்த படத்தை ஏற்றாமல் ஸ்கேன் எடுத்து ஏற்றுங்கள்; கொன்சியூலர் முத்திரை பின்பக்கத்தில் இருந்தால் பின்பக்கமும் சேர வேண்டும்.